தொழில் இதழில் விளம்பரம்: மலைநாட்டு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

தொழில், புத்தாக்கம் தொடர்பான இதழ்களில் விளம்பரம் தருவது குறித்து நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் வந்த கடிதங்களை இம்மாதம் ஒன்றாகத் தொகுத்து, பதில் எழுதியிருக்கிறோம். வாசகர்களின் விருப்பப்படி பெயர்களைத் தவிர்த்து ஊர்ப் பெயர்களை மட்டும் கொடுத்துள்ளோம்.

கேள்வி: சிறு தேயிலை விவசாயிகள் சிலர் சேர்ந்து, பச்சைக் கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொடுப்பதோடு நில்லாமல், கையால் உருட்டிய ஆர்த்தடாக்ஸ் தேயிலையை நாங்களே தயாரிக்கத் தொடங்கியிருக்கிறோம். தொழிலும் புத்தாக்கமும் பற்றிய மாத இதழ் ஒன்றின் விளம்பரப் பிரதிநிதி, முழுப்பக்க வண்ண விளம்பரத்துக்கு 60,000 ரூபாய் என்கிறார். 12,000 பிரதிகள் போவதாகவும் சொல்கிறார். இவ்வளவு பணம் போடலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: இந்த விளம்பரத்தைப் பார்த்துவிட்டு உங்களுக்கு யார் தொலைபேசியில் பேச வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? இதற்கு உங்கள் குழுவில் எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லும்வரை எந்த இதழுக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். வீட்டுக்குக் கால் கிலோ வாங்கும் குடும்பத்தலைவி பேச வேண்டும் என்றால் தொழில் இதழ் அதற்குரிய இடமே அல்ல. கோயம்புத்தூரிலோ சென்னையிலோ உள்ள ஒரு விநியோகஸ்தர், ஓட்டல் நிறுவனத்தின் கொள்முதல் மேலாளர், ஏற்றுமதியாளர், சிறு நிறுவனங்களில் முதலீடு செய்ய விரும்புபவர் ஆகியோரில் ஒருவர் பேச வேண்டும் என்றால் மட்டுமே அந்த இதழ் உங்களுக்குப் பயன்படும்.

இனி கணக்கைப் பாருங்கள். 60,000 ரூபாயை 12,000 பிரதிகளால் வகுத்தால் ஒரு பிரதிக்கு 5 ரூபாய் ஆகிறது. கேட்கும்போது இது மலிவாகத்தான் தோன்றும். ஆனால் அந்த 12,000 பேரில் தேயிலையை மொத்தமாக வாங்கும் வேலையில் இருப்பவர்கள் நூறு பேர்தான் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் ஒருவரின் கண்ணில் படுவதற்கு நீங்கள் 600 ரூபாய் செலவிடுகிறீர்கள். அதே தொகையில் ஐம்பது கிராம் மாதிரிப் பொட்டலத்தையும் விலைப்பட்டியலையும் நேரடியாகக் கூரியரில் அவருக்கே அனுப்பிவிடலாம். எனவே விளம்பரம் தருவதற்கு முன், அந்த இதழின் சந்தாதாரர்கள் எந்தெந்தத் தொழிலைச் சேர்ந்தவர்கள், எந்த ஊர்க்காரர்கள் என்ற விவரத்தை எழுத்தில் கேளுங்கள். ஒழுங்காக நடத்தப்படும் இதழ் இதை மறைக்காது.

பிரதிநிதி சொன்ன 12,000 என்பது அச்சிட்ட எண்ணிக்கையா, விற்ற எண்ணிக்கையா, இலவசமாக அனுப்பியதையும் சேர்த்ததா என்றும் கேட்க வேண்டும். இந்தியாவில் 1948 முதல் இயங்கிவரும் ஏ.பி.சி. என்ற விற்பனைத் தணிக்கை அமைப்பு, தன் உறுப்பினர்களாக உள்ள இதழ்களின் விற்பனையை ஜனவரி முதல் ஜூன் வரை, ஜூலை முதல் டிசம்பர் வரை என ஆறு மாதங்களுக்கு ஒருமுறை தணிக்கை செய்து சான்றளிக்கிறது. சிறிய தொழில் இதழ்கள் பல இதில் உறுப்பினராக இருப்பதில்லை. அதனாலேயே அவை நம்பத்தகாதவை ஆகிவிடா. அப்படிப்பட்ட இதழிடம் பட்டயக் கணக்காளரின் சான்று, அச்சகத்தின் பில், அஞ்சலில் அனுப்பியதற்கான பதிவு ஆகியவற்றில் ஒன்றைக் கேட்பதில் தவறில்லை. 2024 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள பருவ இதழ்கள் பதிவுச் சட்டத்தின்படி, இதழ் பத்திரிகைப் பதிவாளர் நாயகத்திடம் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுப்பக்கம் ஒருமுறை வருவதைவிடக் கால் பக்கம் நான்கு இதழ்களில் தொடர்ந்து வருவது உங்களைப் போன்ற புதியவர்களுக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. மொத்தமாக வாங்குபவர் முதல் முறை பார்த்ததும் போனை எடுப்பதில்லை. ஊர் பேர் தெரியாத ஒரு குழு அடுத்தடுத்த மாதங்களிலும் நிலைத்து நிற்கிறது என்று கண்ட பிறகே அவருக்கு நம்பிக்கை வருகிறது. பல இதழ்கள் தொடர் விளம்பரத்துக்குத் தள்ளுபடி தரும். ரேட் கார்டில், அதாவது இதழின் விளம்பரக் கட்டணப் பட்டியலில், அச்சாகியிருக்கும் தொகை பேச்சுவார்த்தையின் தொடக்கமே தவிர முடிவல்ல. விளம்பர ஏஜென்சிகளுக்கு இதழ்கள் 15 சதவீதம் கமிஷன் தருவது நெடுநாள் வழக்கம். நேரடியாகப் போகும் நீங்கள், அந்தப் பங்கைக் கட்டணத்தில் குறைத்துத் தரும்படி தயங்காமல் கேட்கலாம்.

எந்த மாதம் என்பதும் முக்கியம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான உறைபனிக் காலத்துத் தேயிலைதான் நீலகிரியின் மணத்துக்குப் பெயர் பெற்றது. அதை விற்க விரும்புகிறவர்கள் நவம்பர், டிசம்பர் இதழ்களில் இடம் பிடிக்க வேண்டும். மாத இதழ்கள் விளம்பரத்தைச் சில வாரங்களுக்கு முன்பே வாங்கி முடித்துவிடும் என்பதால் அக்டோபரிலேயே எல்லாம் தயாராக இருக்க வேண்டும். மாதத்துக்கு எத்தனை கிலோ தர முடியும், குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு என்பவற்றையும் விளம்பரத்திலேயே அச்சிடுங்கள். முப்பது கிலோ மட்டுமே உருட்ட முடிந்த குழுவிடம் முந்நூறு கிலோ கேட்டு ஆர்டர் வந்தால், அந்த வாங்குபவர் மறுபடி உங்களிடம் திரும்ப மாட்டார்.

கேள்வி: எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி விவசாயிகள் இருக்கிறார்கள். விளம்பரத்தில் ‘புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு’ என்று போடலாமா? பக்கத்து ஊர் வியாபாரிகள் எல்லோருமே போடுகிறார்கள்.
– வாசகர், பூம்பாறை

பதில்: ஒரு பொருளின் தனித்தன்மை அது விளையும் இடத்தால் வருகிறது என்பதற்கான சட்டப் பதிவே புவிசார் குறியீடு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ஆம் ஆண்டு அது கிடைத்தது உண்மை. ஆனால் அந்தக் குறியீடு ஊருக்குக் கிடைத்த பொது உரிமை என்று எண்ணிக்கொண்டு யார் வேண்டுமானாலும் அதை அட்டையில் அச்சிட முடியாது. குறிப்பிட்ட பகுதியில், குறிப்பிட்ட முறையில் விளைவிப்பவர்கள், சென்னையில் உள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தங்களைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2020இல் விதிகள் திருத்தப்பட்டபோது இதற்கான கட்டணம் 500 ரூபாயிலிருந்து 10 ரூபாயாகக் குறைக்கப்பட்டது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். எனவே செலவைக் காரணம் காட்டி எவரும் ஒதுங்க வேண்டியதில்லை. உங்கள் உறுப்பினர்கள் அனைவரையும் பதிவு செய்ய வைத்துவிட்டு, அதன் பிறகு குறியீட்டைப் பெருமையுடன் அச்சிடுங்கள். பொய்யாகக் குறியீட்டைப் பயன்படுத்துவது தண்டனைக்குரிய குற்றம்.

வேறு இடத்துப் பூண்டு வடுகபட்டிச் சந்தையிலோ வேறு மண்டியிலோ கொடைக்கானல் பெயரில் கலந்து விற்கப்பட்டால் அதனால் நேரடியாக நட்டப்படுபவர்கள் நீங்கள்தான். தொழில் இதழின் விளம்பரத்தில் உங்கள் பதிவு எண்ணையும், எந்தெந்த ஊர்களில் விளைந்தது என்பதையும், அறுவடை மாதத்தையும் தெளிவாகப் போட்டீர்கள் என்றால், மருந்து நிறுவனங்களும் மசாலாத் தயாரிப்பாளர்களும் கேட்கும் முதல் மூன்று கேள்விகளுக்கு அதிலேயே விடை கிடைத்துவிடும். தோட்டத்தின் அழகிய படத்தைப் பெரிதாகப் போட்டு இந்த விவரங்களைச் சிறிய எழுத்தில் ஒதுக்குவது தொழில் இதழுக்குப் பொருந்தாது. விருப்பாச்சி, சிறுமலை மலை வாழைப்பழங்கள் குறியீடு பெற்றது 2008இல். இத்தனை ஆண்டுகளில் அந்தப் பெயர்களைத் தொழில் வட்டாரத்துக்குள் நாம் போதுமான அளவு கொண்டுசெல்லவில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு. பூண்டுக்கு அப்படி ஆகிவிடக் கூடாது.

கேள்வி: எங்கள் பேக்கரி நிறுவனத்துக்கு ‘ஆண்டின் சிறந்த புத்தாக்க நிறுவனம்’ என்ற விருதும், அட்டைப்படக் கட்டுரையும் தருவதாக ஓர் இதழிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது. ‘பங்கேற்புக் கட்டணம்’ என்று ஒரு தொகை கேட்கிறார்கள். ஏற்கலாமா?
– வாசகர், குன்னூர்

பதில்: ஏற்க வேண்டாம். உங்கள் பேக்கரியை நேரில் பார்க்காமல், பொருளைச் சுவைக்காமல், கணக்கைக் கேட்காமல் தரப்படும் விருதுக்குக் கட்டணம் என்றால், நீங்கள் வாங்குவது விளம்பர இடத்தைத்தான். விளம்பர இடத்தை விளம்பரம் என்ற பெயரிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதில் இழுக்கு ஒன்றும் இல்லை. செய்தியும் விளம்பரமும் வாசகருக்குத் தெளிவாக வேறுபட்டுத் தெரிய வேண்டும் என்பது இந்தியப் பத்திரிகை மன்றத்தின் நெறிமுறை. எனவே காசு கொடுத்து வெளியாகும் கட்டுரையின் தலைப்பில் ‘விளம்பரதாரர் பகுதி’ அல்லது ‘விளம்பரக் கட்டுரை’ என்று கண்ணில் படும்படி அச்சிட வேண்டும். அப்படி அச்சிட மறுக்கும் இதழ், தன் வாசகரை ஏமாற்றத் தயாராக இருக்கிறது. தன் வாசகரை ஏமாற்றும் இதழில் வெளியாகும் பாராட்டு உங்களுக்கு எந்த மதிப்பைத் தரும்?

விளம்பரத்தில் விருதைக் குறிப்பிடும்போது அதை அளித்தவர் யார், எந்த ஆண்டு அளித்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும் என்பது, 1985இல் தொடங்கப்பட்ட விளம்பரத் தர நிர்ணய மன்றமான ஆஸ்கி எதிர்பார்க்கும் ஒழுங்கு. உழைத்துப் பெற்ற விருது ஒன்று உங்களிடம் ஏற்கனவே இருந்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வர்க்கி எத்தனை நாள் மொறுமொறுப்புக் கெடாமல் இருக்கும் என்று ஆய்வகச் சோதனை செய்து அந்த முடிவைப் போடுங்கள்; பேக்கரிப் பொருள்களை மொத்தமாக எடுக்கும் கடைக்காரருக்கு அதுவே பெரிய செய்தி.

கேள்வி: என்னிடம் நான்கு அறைகள் கொண்ட தங்கும் இல்லம் இருக்கிறது. தொழில் இதழில் விளம்பரம் செய்தால் கூட்டம் வருமா?
– வாசகி, கூடலூர்

பதில்: நான்கு அறைகளுக்கு வராது, பணத்தை வீணாக்காதீர்கள். நிறுவனங்கள் தம் ஊழியர்களைக் கூட்டமாக அழைத்துவந்து தங்கிப் பேசும் அளவுக்கு இடமும் தடையில்லாத மின்சாரமும் இணைய இணைப்பும் உள்ளவர்களுக்கே அங்கே பலன் உண்டு. அப்படி விரிவாக்கினால், 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வாகனத்தில் வருபவர்கள் இ-பாஸ் எடுக்க வேண்டியிருப்பதை விளம்பரத்திலேயே குறிப்பிட்டு, அதற்கு நீங்கள் உதவுவதாகவும் சொல்லுங்கள்.

கேள்வி: நான் பொறியியல் படித்தவன். வடகிழக்குப் பருவமழையும் காபி அறுவடையும் ஒன்றாக வந்து பழங்கள் பூஞ்சைபிடிப்பதைப் பார்த்து, குறைந்த மின்சாரத்தில் இயங்கும் உலர்த்தும் பெட்டி ஒன்றைச் செய்திருக்கிறேன். புத்தாக்க இதழ் ஒன்று என்னைப் பற்றி இலவசமாக ஒரு பக்கம் எழுதுவதாகவும், அதே இதழில் அரைப்பக்க விளம்பரம் கொடுத்தால் முதலீட்டாளர்கள் வருவார்கள் என்றும் சொல்கிறது. பெட்டியின் உள்ளமைப்புப் படத்தையும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: இப்போதே கொடுக்காதீர்கள். இம்மாதம் வந்த கடிதங்களில் உடனடியாகப் பதில் தேவைப்பட்டது இதுதான் என்பதால் உங்களுக்கு முன்கூட்டியே அஞ்சலிலும் பதில் அனுப்பியிருக்கிறோம்; மற்றவர்களுக்கும் பயன்படும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கிடைக்க வேண்டும் என்றால், விண்ணப்பம் பதிவாகும் நாளுக்கு முன் அது உலகில் எங்கும் வெளியாகியிருக்கக் கூடாது. அதை வெளியிட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் விதி அதுதான். அரசு அறிவித்த கண்காட்சியில் வைப்பது, அறிஞர் அவையில் கட்டுரையாக வாசிப்பது போன்ற சில நிலைகளுக்கு மட்டும் பன்னிரண்டு மாதச் சலுகை உண்டு. கடைகளில் விற்கும் இதழில் வரும் விளம்பரமோ பேட்டியோ அந்தச் சலுகைக்குள் வராது. காற்று எந்த வழியாகப் போகிறது, ஈரம் எப்படி வெளியேறுகிறது என்று நீங்கள் ஆர்வத்தோடு விளக்கும் ஒரு பத்தியும், உள்ளமைப்பைக் காட்டும் ஒரு படமும், பல ஆண்டு உழைப்பின் உரிமையை ஒரே நாளில் உங்களிடமிருந்து எடுத்துவிடக்கூடும். இதைச் சொல்லாமல் படம் கேட்கும் பத்திரிகையாளரிடம் தீய எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை; அவருக்குச் சட்டம் தெரியாமல் இருக்கலாம். காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பொறுப்பு உங்களுடையது.

எனவே முதலில் தற்காலிக விவரக் குறிப்புடன், அதாவது கண்டுபிடிப்பின் ஆரம்ப விளக்கத்துடன், காப்புரிமை விண்ணப்பம் செய்யுங்கள். தனிநபர்களுக்கும் அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனங்களுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய்தான். அன்றைய தேதி உங்கள் பெயரில் பதிவாகிவிடும். பன்னிரண்டு மாதங்களுக்குள் முழு விவரக் குறிப்பைத் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். ஸ்டார்ட்அப் நிறுவனமாக அங்கீகாரம் பெற்றால், விண்ணப்பத்தை எழுதித்தரும் நிபுணரின் கட்டணத்தை ஏற்கும் மத்திய அரசுத் திட்டமும் இருக்கிறது. பெட்டியின் வெளித்தோற்றம் புதிதாக இருந்தால் அதை வடிவமைப்புச் சட்டத்தின் கீழ் தனியே பதிவு செய்யலாம். அங்கும் முன்கூட்டியே வெளியிட்டிருக்கக் கூடாது என்ற விதி உண்டு.

விண்ணப்பம் பதிவான பிறகு அந்த இதழுக்குத் தாராளமாகப் பேட்டி கொடுங்கள். விளம்பரத்தில் ‘காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது’ என்று மட்டும் எழுதுங்கள். உரிமை கையில் வருவதற்கு முன் ‘காப்புரிமை பெற்றது’ என்று அச்சிடுவது சட்டப்படி குற்றம். விவரம் தெரிந்த முதலீட்டாளர் அந்தச் சொல்லைப் பார்த்ததும் காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் தேடிப் பார்ப்பார்.

அரைப்பக்கத்தில் என்ன எழுதுவது என்பது அடுத்த கேள்வி. ‘புரட்சிகரமான கண்டுபிடிப்பு’ போன்ற சொற்களை விட்டுவிடுங்கள். ஒரு முறைக்கு எத்தனை கிலோ பழம் கொள்ளும், எத்தனை மணி நேரத்தில் ஈரப்பதம் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குக் குறைகிறது, எத்தனை யூனிட் மின்சாரம் ஆகிறது, விலை என்ன, பழுது பார்க்க யார் வருவார்கள் என்ற ஐந்து விவரங்களும் எண்ணாக வரட்டும். அந்த எண்களை நீங்களே சொல்வதைவிட வேறொருவர் சோதித்துச் சொல்வது வலுவானது. காபி வாரியத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. அங்கே அணுகிப் பாருங்கள். ஆனால் விண்ணப்பம் பதிவாவதற்கு முன் யாரிடம் காட்டினாலும், இரகசியம் காப்பதாக ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்ட பின்னரே காட்டுங்கள்.

முதலீட்டாளர் வருவார் என்ற வாக்குறுதியைப் பொறுத்தவரை, விளம்பரத்தைப் பார்த்து மட்டும் யாரும் பணம் போடுவதில்லை. பண்ணைக்காட்டிலும் தாண்டிக்குடியிலும் உள்ள தோட்டக்காரர்கள் சிலர் ஒரு பருவம் முழுக்கப் பயன்படுத்தி, பெயர் போட்டுக் கருத்துச் சொல்லச் சம்மதித்தால் அதுவே முதலீட்டாளர் பார்க்க விரும்பும் சான்று. தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு தொடக்க நிலை நிறுவனங்களுக்கு டான்சீட் என்ற ஆதார நிதியையும் வழங்கிவருகிறது. அரைப்பக்கத்துக்கு ஒதுக்கிய தொகையை இந்த ஆண்டு இன்னும் இரண்டு பெட்டிகள் செய்து தோட்டங்களில் வைப்பதற்குச் செலவிட்டு, அடுத்த ஆண்டு அறுவடைக்கு முன்பு விளம்பரம் கொடுங்கள் என்பதே என் யோசனை.

கேள்வி: நாங்கள் தைலம் காய்ச்சுகிறோம். ‘நீரிழிவு, ரத்த அழுத்தம் எல்லாவற்றுக்கும் நல்லது’ என்று மூலிகைத் தேநீர் ஒன்றையும் விற்கிறோம். இதே வாசகத்தை விளம்பரத்தில் போட இதழ் மறுக்கிறது. பாட்டன் காலத்திலிருந்து சொல்லிவருவதைச் சொல்லக் கூடாதா?
– வாசகர், உதகமண்டலம்

பதில்: இதழ் செய்தது சரி. நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம், புற்றுநோய் முதலியவற்றைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றே தடுக்கிறது. உணவுப் பொருள் நோயைத் தீர்க்கும் என்று சொல்வதை உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகளும் தடுக்கின்றன. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு உற்பத்தியாளர்மீது 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம். வெளியிட்டவரையும் கேள்வி கேட்கலாம். சட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தாலும், உங்கள் தேநீரை நம்பி ஒரு நோயாளி மாத்திரையை நிறுத்திவிட்டால் அந்தப் பாவத்தை யார் சுமப்பது? என்னென்ன மூலிகை, எங்கே விளைந்தது, எப்படி உலர்த்தியது என்று எழுதுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணையும் சேருங்கள். மொத்த வியாபாரிக்கு வேண்டியது அவ்வளவுதான்.

கேள்வி: எங்கள் சாக்லேட் கடையின் விளம்பரம் அச்சில் வந்தபோது படம் மங்கி, தமிழ் எழுத்துகள் சில இடங்களில் சதுரங்களாகிவிட்டன. யார் பொறுப்பு? ஜி.எஸ்.டி.யும் எவ்வளவு என்று சொல்லுங்கள்.
– வாசகி, கொடைக்கானல்

பதில்: ப்ரூஃப் (அச்சுக்கு முன் சரிபார்க்கத் தரும் மாதிரி) பார்த்து நீங்கள் ஒப்புதல் தந்த பிறகு பிழை வந்திருந்தால் மறு அச்சு கேட்கலாம், ப்ரூஃபே கேட்காமல் விட்டிருந்தால் கேட்பது கடினம். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது கோப்பு சுருங்கிவிடும். எனவே மின்னஞ்சலில் பி.டி.எஃப். கோப்பாக, 300 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) துல்லியத்தில் அனுப்புங்கள். ஏ4 அளவு முழுப்பக்கத்துக்கு இது 2480 பிக்சல் அகலம், 3508 பிக்சல் உயரம் ஆகும். விளிம்புவரை படம் வருமானால் நான்கு பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும். கைப்பேசித் திரையில் ஒளிரும் மலைப் பசுமை அச்சு மையில் எப்போதும் சற்று அடங்கித்தான் தெரியும், நிறத்தை அச்சு மைகளுக்கான சி.எம்.ஒய்.கே. முறைக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அனுப்பினால் ஏமாற்றம் இராது. தமிழ் எழுத்துரு அச்சகத்தின் கணினியில் இல்லாதபோதுதான் சதுரங்கள் வரும். வடிவமைப்பாளரிடம் எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத கோட்டு வடிவங்களாக, மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அச்சு இதழில் விளம்பர இடம் வாங்குவதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதே இதழின் இணையதளத்தில் விளம்பரம் என்றால் 18 சதவீதம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொன்னால் பில்லில் பிரித்துக் காட்டும்படி கேளுங்கள். நீங்கள் சிறு வணிகர்களுக்கான எளிய ஜி.எஸ்.டி. முறையான காம்போசிஷன் முறையில் இருந்தால் இந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. அதையும் விளம்பரச் செலவாகவே கணக்கிடுங்கள். எந்த இதழ், எந்தப் பக்கம், என்ன அளவு, எந்தத் தேதி என்பவை அடங்கிய ரிலீஸ் ஆர்டரை எழுத்தில் கொடுத்து, விளம்பரம் வெளியான பிரதி கைக்கு வந்த பிறகு மீதித் தொகையைக் கட்டுவதாக அதிலேயே குறிப்பிடுங்கள். அடுத்த முறை ப்ரூஃப் வந்ததும், அதில் அச்சாகியிருக்கும் தொலைபேசி எண்ணை வேறொரு கைப்பேசியிலிருந்து அழைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.